பட்டறைப் பக்கம்: கரண்ட் வந்துவிட்டது, ஜீரோ எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷினைப் பற்றித்தான். அதிலும் ஜீரோ வைப்பது (எந்த இடத்திலிருந்து அளப்பது என்று மெஷினுக்குக் காட்டுவது), ஆஃப்செட், பாதியில் மெஷின் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் முழிப்பது, இதே தலைவலிதான் எல்லாருக்கும். அதனால் லேசர், பாலிஷ், பழைய லேத் பற்றிய கடிதங்களை அடுத்த தடவைக்கு ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், நீங்கள் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சொல்வதெல்லாம், போர்டில் இருந்து மோட்டார்களை ஆட்டிவைக்கும் ஜிஆர்பிஎல் என்ற புரோகிராம் ஓடும் மெஷினுக்கு. எக்ஸ் என்றால் இடம் வலம், ஒய் என்றால் முன் பின், இசட் என்றால் மேல் கீழ். நம் ஊருக்கு வந்து சேரும் 3018 மாதிரி சீனத்து மெஷின்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

கேள்வி (தாம்வே, ரங்கூன்): அண்ணே, கோவிலுக்குத் தேக்குப் பலகையில் பெயர் செதுக்கிக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் பதறவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்ததும் மெஷின் தானாகவே நகர ஆரம்பித்தது, ஆனால் எழுத்து அரை விரல் தள்ளி, ஏற்கெனவே செதுக்கின எழுத்தின் மேலேயே விழுந்துவிட்டது. ஜீரோ எப்படி மாறியது? திரையில் இரண்டு வரிசை எண் காட்டுகிறதே, எதை நம்புவது?

பதில்: தம்பி, லேப்டாப் பேட்டரியில் ஓடியதுதான் இங்கே வினை. உங்கள் மெஷினின் போர்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. மோட்டாருக்கும், வெட்டும் பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கும் சுவரில் செருகிய அடாப்டரிலிருந்து 24 வோல்ட், கணக்குப் போடும் சிப்புக்கு யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்பிலிருந்து 5 வோல்ட். தெருவில் கரண்ட் போனதும் மோட்டார் செத்துவிட்டது, சிப் சாகவில்லை. லேப்டாப் அனுப்பும் வரிகளை வாங்கி வாங்கி, எக்ஸ் 40 போயாச்சு, 55 போயாச்சு, இசட் மேலே ஏறியாச்சு என்று அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்பிண்டிலைத் தாங்கும் சட்டமான கேன்ட்ரி இம்மியும் அசையவில்லை என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் படிப்படியாகச் சுற்றும் இந்த ஸ்டெப்பர் மோட்டார்களில் 'நகர்ந்துவிட்டேன்' என்று திருப்பிச் சொல்ல ஒரு கம்பியும் கிடையாது. கரண்ட் வந்ததும் மோட்டார், நின்ற இடத்திலிருந்தே அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. எழுத்து எவ்வளவு தள்ளி விழுந்ததோ அவ்வளவு தூரத்தை மெஷின் வெறும் கணக்கிலேயே கடந்திருக்கிறது.

எல்லா போர்டும் இப்படி இல்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, வேலை எதுவும் ஓடாத நேரத்தில் அடாப்டரை மட்டும் அணைத்துப் பாருங்கள். மென்பொருளில் இணைப்பு அறுந்து போகாமல் அப்படியே நின்றால் இந்த வகைதான்.

ஆக, விளக்கு அணைந்த அடுத்த நொடி கை லேப்டாப்புக்குப் போக வேண்டும். தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பட்டன் போதாது, நிறுத்திவிட்டு ரீசெட்டும் கொடுங்கள். அடுத்து மெஷின் ஸ்விட்சை அணையுங்கள். ஸ்பிண்டிலுக்குப் பதிலாகக் கையால் பிடித்து மரம் குடையும் ரௌட்டரை மாட்டி வைத்திருப்பவர்கள் ரௌட்டரின் சொந்த ஸ்விட்சையும் மறக்காமல் அணைக்க வேண்டும். போர்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால் நீங்கள் பிட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்து அது நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்ற ஆரம்பிக்கும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று ஓரளவு சொல்லலாம், எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்?

சரி, இரண்டு வரிசை எண். ஒன்று மெஷின் நிலை, இன்னொன்று வேலை நிலை. மெஷின் நிலை என்பது மெஷினின் சொந்த மூலையிலிருந்து அளந்தது. ஓரத்தைத் தொட்டதும் சொல்லும் லிமிட் ஸ்விட்ச் உள்ள மெஷினில் ஹோமிங் செய்யும்போது, அதாவது மூலையைத் தேடிப் போகச் சொல்லும்போது, அது போய்த் தொடுகிற மூலை அது, ஜிஆர்பிஎல்லில் வழக்கமாக வலது பக்கம், பின்னால், மேலே. அதனால்தான் மெஷின் எண்கள் எல்லாம் மைனஸில் வருகின்றன. வேலை நிலை என்பது நீங்கள் பலகையில் 'இதுதான் ஜீரோ' என்று காட்டிய இடத்திலிருந்து அளந்தது. நிலத்தில் சர்வே கல் ஒன்று, கிணறு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து கிணற்றுக்கு இத்தனை அடி என்று பத்திரத்தில் எழுதி வைத்திருக்கிறோம், அந்த எழுத்துதான் ஆஃப்செட். கல்லை யாராவது பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டால் பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறாது, ஆனால் அளந்துகொண்டு போனால் கிணறு இருக்காது. உங்களுக்கு நடந்ததும் அதேதான். ஆஃப்செட் பத்திரமாக இருக்கிறது, மெஷின் மூலைதான் கணக்கில் இடம் மாறிவிட்டது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் கட்டளைப் பெட்டியில் டாலர் குறியும் ஹேஷ் குறியும் சேர்த்து $# என்று தட்டுங்கள். உங்கள் ஆஃப்செட் எழுதியிருக்கும் ஜி54 என்ற இடத்துக்கு நேராக -262.000, -141.500, -31.250 என்கிற மாதிரி மூன்று எண் வரும். மெஷின் மூலையிலிருந்து எக்ஸில் 262, ஒய்யில் 141.5 மில்லிமீட்டர் தள்ளிப் பலகையின் மூலை இருக்கிறது, அதன் மேல்தளம் 31.25 கீழே இருக்கிறது என்று அர்த்தம். மெஷின் நிலையிலிருந்து இதைக் கழித்தால் வேலை நிலை. மெஷின் -252-இல் நின்றால் வேலைக் கணக்கில் எக்ஸ் 10. அந்த மூன்று எண்ணையும் ஒவ்வொரு பெரிய வேலைக்கு முன்னாலும் பென்சிலால் பலகையின் ஓரத்திலோ சுவரிலோ எழுதி வையுங்கள். கணினி செத்தாலும் பென்சில் எழுத்து இருக்கும்.

மீட்பது எப்படி என்றால், லிமிட் ஸ்விட்ச் இருந்தால் கஷ்டமே இல்லை. பலகையை மட்டும் அசைக்காதீர்கள், கிளாம்ப் அப்படியே இருக்கட்டும். மெஷின் அணைந்திருக்கும்போதே இசட் மோட்டார் தலையில் உள்ள குமிழைக் கையால் திருப்பி, மரத்துக்குள் நிற்கும் பிட்டை மேலே எடுத்துவிடுங்கள். ஆன் செய்து $எச் கொடுங்கள். ஹோமிங் முடிந்ததும் ஜி54 தானாகச் சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும், புதிதாக ஜீரோ வைக்கக் கூடாது. இசட்டைப் பலகைக்கு 10 மில்லிமீட்டர் மேலே நிறுத்தி எக்ஸ் 0 ஒய் 0-க்கு அனுப்பிப் பாருங்கள், மூலைக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.

அப்புறம் எந்த வரியிலிருந்து தொடர்வது? திரையில் நின்ற வரி எண்ணை நம்பாதீர்கள், அது கணக்கில் ஓடிய வரி. மரத்தைப் பாருங்கள். ஒழுங்காக முடிந்த கடைசி எழுத்து எது, அதற்கு அடுத்து இசட் மேலே தூக்கும் வரி எது என்று கோப்பில் தேடி அங்கிருந்து ஓட்டுங்கள். முதலில் ஜி21 (மில்லிமீட்டர்), ஜி90 (ஜீரோவிலிருந்து அளக்கும் கணக்கு), ஜி54, அப்புறம் ஸ்பிண்டிலைச் சுற்ற எம்3 (சுற்று வேகத்துக்கான எஸ் எண்ணோடு) எல்லாவற்றையும் கையால் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கோப்பின் தலையில் இருந்த அந்த வரிகளை இப்போது தாண்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், பெயர்ப் பலகை மாதிரி சின்ன வேலைக்கு இந்த வரி தேடும் வேலையே வேண்டாம். முதலிலிருந்தே ஓட விடுங்கள். செதுக்கின இடத்தில் பிட் காற்றில் போகும், நேரம்தான் செலவு. பிட் பழைய பள்ளத்தின் சுவரை உரசினால் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடாப்டர் 24 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் மொத்தம் 120 வாட்தான். கம்ப்யூட்டருக்கு விற்கும் சாதாரண யூபிஎஸ்ஸே நிதானமாக நிறுத்தும் வரை தாங்கும். வீட்டில் இன்வர்ட்டர் இருப்பவர்கள் மின்விசிறிக்குப் போகிற லைனிலிருந்து மெஷினுக்கும் ஒன்று இழுத்துவிடுங்கள், மனைவி திட்டினால் நான் பொறுப்பில்லை.

கேள்வி (இன்செயின்): என் மெஷினில் லிமிட் ஸ்விட்சே இல்லை. ஆன் செய்யும் இடமே மெஷின் ஜீரோ என்கிறார்கள். அப்படியென்றால் கரண்ட் போனால் வேலை போனதுதானா?

பதில்: இல்லை, ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன், மெஷின் அணைந்திருக்கும்போது திருகுக் கம்பிகளைக் கையால் சுற்றிக் கேன்ட்ரியை ஒரு மூலையில் முட்டும் வரை கொண்டுபோய் வைத்து, அப்புறம் ஆன் செய்யுங்கள். அந்த முட்டுதான் உங்கள் ஹோம். கரண்ட் போய் வந்தால், சிப்பும் அணையும்படி யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு, அதே மூலையில் முட்ட வைத்து ஆன் செய்தால் ஜி54 ஓரளவு பழைய இடத்துக்கு வரும். ஓரளவு என்றுதான் சொல்கிறேன், கை அழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

அதைச் சரிபார்க்க இன்னொரு வழி. பலகையில் வெட்டி எறியப்போகும் ஓரத்தில், கூரான வி பிட்டின் முனையால் ஒரு சின்னப் புள்ளி குத்தி, அந்த இடத்தின் வேலை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்தபின் அதே பிட்டை அந்தப் புள்ளியில் கண்ணால் பார்த்து இறக்கி, குறித்த எண்ணையே அந்த இடத்துக்குக் கொடுத்துவிடலாம். புள்ளி எக்ஸ் 5 ஒய் 5 என்றால் ஜி10 எல்20 பி1 எக்ஸ்5 ஒய்5 (இந்தக் கட்டளையின் விளக்கம் அடுத்த பதிலில்). டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் முனை குழிக்குள் இறங்குவது நன்றாகத் தெரியும்.

மெஷின் சும்மா நின்றபோது கரண்ட் போய், யாரும் தொடவில்லை என்றால் எவ்வளவு நகரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மோட்டாருக்கு மறுபடி உயிர் வரும்போது அது பக்கத்தில் உள்ள தன் இயல்பான நிலைக்குத் துள்ளும், அதிகம் போனால் இரண்டு முழு ஸ்டெப். சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் போகும் திருகில் 200 ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப் 0.02, ஆக 0.04 மில்லிமீட்டர், மர வேலையில் இது கண்ணுக்கே தெரியாது. பெல்ட்டில் ஓடும் மெஷினில், 20 பல் புல்லி சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் இழுக்கும்போது அதே துள்ளல் 0.4 ஆகிவிடும், எழுத்து ஓரத்தில் படி மாதிரி தெரியும்.

இத்தனை வித்தையும் செய்வதைவிட மூன்று சின்ன ஸ்விட்ச் வாங்கிப் பொருத்துவது மேல். உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி (திங்கன்ஜூன், ரங்கூன்): மெஷினுக்கு லிமிட் ஸ்விட்ச் இருக்கிறது, ஹோமிங்கும் செய்கிறேன். ஆனாலும் அணைத்துப் போட்டால் என் வேலை ஜீரோ காணாமல் போகிறது. மெஷினுக்கு வரிகளை அனுப்பும் கேண்டில் மென்பொருளில் ஜீரோ பட்டனை அழுத்தித்தான் வைக்கிறேன். மெமரி கெட்டுவிட்டதா?

பதில்: மெமரி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் அதில் எழுதவே இல்லை. கேண்டிலின் ஜீரோ பட்டன் ஜி92 அனுப்புகிறது. அழுத்தும்போது கீழே கட்டளைப் பெட்டியைப் பாருங்கள், ஜி92 எக்ஸ்0 ஒய்0 என்று ஓடும். ஜிஆர்பிஎல்லில் ஜி92 தற்காலிகம். ரீசெட் கொடுத்தாலோ கரண்ட் போனாலோ அழிந்துவிடும். ஜி54 முதல் ஜி59 வரை ஆறு ஆஃப்செட்டுகள் மட்டும்தான் சிப்பின் நிரந்தர நினைவில் எழுதப்படுகின்றன.

ஜீரோ வைக்க ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 ஒய்0 என்று தட்டுங்கள். பி1 என்றால் ஜி54, பி2 என்றால் ஜி55, அப்படியே ஆறு வரை. எல்20 என்பது 'இப்போது நிற்கும் இடத்துக்கு இந்த எண்ணைக் கொடு' என்று சொல்வது. எல்2 என்று போட்டால் கதை வேறு, மெஷின் மூலையிலிருந்து கணக்கிட்ட எண்ணை நேரடியாக எழுதிவிடும். சுவரில் பென்சிலால் எழுதி வைத்த மூன்று எண்ணைத் திரும்ப ஏற்ற எல்2-தான் வேண்டும். கேண்டிலின் அமைப்பில் சொந்தக் கட்டளைப் பட்டன்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில் இந்த வரியைப் போட்டுவிட்டு ஜீரோ பட்டன் பக்கம் போகவே போகாதீர்கள். கேண்டிலுக்குப் பதில் யூனிவர்சல் ஜிகோட் சென்டர் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் ஜீரோ பட்டன் ஜி10 வழியில்தான் போகிறது.

இன்னொன்று, ஜி92-வும் ஜி54-வும் ஒன்றின் மேல் ஒன்று கூடும். பழைய ஜி92 பாக்கி இருக்கும்போது ஜி54 பார்த்தால் எண்கள் குழப்பும். ஜி92.1 கொடுத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜிஆர்பிஎல்லுக்குப் பதில் லினக்ஸ்சிஎன்சி ஓடும் மெஷினில் இதற்கு நேர்மாறு, அங்கே ஜி92 வழக்கமாகக் கோப்பில் சேமிக்கப்பட்டு மறுநாளும் வந்து நிற்கும், அது இதைவிடப் பெரிய தொல்லை. எந்த மெஷினாக இருந்தாலும் ஜி92-ஐ மறந்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

கேள்வி (மோல்மீன்): வணக்கம். நாற்பது வருஷமாகத் தச்சு வேலை, இப்போது மகன் இந்த மெஷினை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ரப்பர் மரப் பலகையின் மூலையில் ஜீரோ வைத்தால் செதுக்கல் எப்போதும் ஒன்றரை மில்லி அளவு தள்ளிப் போகிறது. பேப்பர் வைத்துப் பார்க்கிறார்கள், தகடு வைத்துப் பார்க்கிறார்கள், எது சரி?

பதில்: வணக்கம் ஐயா. அந்த ஒன்றரை மில்லியே கதையைச் சொல்லிவிட்டது. உங்கள் பிட்டின் தண்டு கால் அங்குலத்தில் பாதி, அதாவது அரைக்கால் அங்குலம், 3.175 மில்லிமீட்டர். பிட்டின் பக்கவாட்டு மரத்தைத் தொடும்போது பிட்டின் நடு, மரத்தின் விளிம்பிலிருந்து அதில் பாதி, 1.5875 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. மெஷினுக்கு நடுதான் கணக்கு. அதனால் தொட்ட இடத்தை 0 என்று சொல்லாமல் -1.5875 என்று சொல்ல வேண்டும். பலகையின் இடது விளிம்பைத் தொட்டால் ஜி10 எல்20 பி1 எக்ஸ்-1.5875, முன் விளிம்பைத் தொட்டால் அதே போல ஒய்-1.5875. வலது விளிம்பிலிருந்தோ பின் விளிம்பிலிருந்தோ தொட்டால் மைனஸ் போய் ப்ளஸ் ஆகும், பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இதற்குக் கூரான பிட் வேண்டாம். உடைந்த பிட் ஒன்றைத் தலைகீழாக, உருண்டைத் தண்டு கீழே வருகிற மாதிரி பிட்டைப் பிடிக்கும் கோலெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, 0.05 மில்லிமீட்டராக நெருங்கிக்கொண்டே காகிதத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடிக்கும், ஆனால் கிழியாது, அந்த இடம். உளிக்கு அடியில் சீவல் எவ்வளவு மெலிசு என்று விரலால் சொல்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சாதாரணக் காகிதம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். எக்ஸிலும் ஒய்யிலும் அதை விட்டுவிடலாம்.

இசட்டில் விடக் கூடாது. வி பிட்டால் எழுத்து வெட்டும்போது ஆழம் கூடினால் அகலமும் கூடும். 60 பாகை பிட் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் கோடு ஏறக்குறைய 0.115 தடிக்கும், 90 பாகை பிட்டில் 0.2 தடிக்கும். சிறிய தமிழ் எழுத்தில் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள இது போதும். காகிதம் வைத்துத் தொட்டால் அந்த இடத்தை இசட் 0.1 என்று சொல்லுங்கள்.

பிட் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து மெஷினுக்குச் சொல்லும் தகடு நல்ல வழி, பழகினால் அதைவிட வேகம் எதிலும் இல்லை. தகட்டின் கனத்தைக் காலிப்பரால் நீங்களே அளந்துகொள்ளுங்கள், விற்றவர் சொன்ன எண் வேண்டாம். க்ளிப்பைப் பிட்டில் மாட்டி, தகட்டைக் கையில் எடுத்துப் பிட்டைத் தொட்டுப் பாருங்கள், திரையில் ப்ரோப் அடையாளம் வர வேண்டும். வராமல் இறக்கினால் பிட் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும். வந்தபின் ஜி91 (நின்ற இடத்திலிருந்து அளக்கும் கணக்கு) கொடுத்து ஜி38.2 இசட்-15 எஃப்40 (தொடும் வரை மெதுவாக இறங்கு என்பது), தொட்டு நின்றதும் ஜி10 எல்20 பி1 இசட், அதன் பக்கத்தில் தகட்டின் கனம், உதாரணத்துக்கு 19.8. மறுபடி ஜி90. அப்புறம் க்ளிப்பைக் கழற்றுங்கள். க்ளிப் மாட்டினபடி ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டால் கம்பி சாட்டையாகச் சுழலும்.

பலகையின் மேலா, மேசையா, எங்கே இசட் ஜீரோ என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத்துச் செதுக்கலுக்கு மரத்தின் மேல்தளம். ஊடுருவி அறுத்து எடுக்கும் வேலைக்கு, கீழே போட்டிருக்கும் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையின் மேல்தளம், அப்போதுதான் மரம் அரை மில்லி கனம் கூடக்குறைய இருந்தாலும் அடியில் பொட்டு மிச்சமில்லாமல் அறுபடும், மேசையும் காயப்படாது. எதைத் தேர்ந்தாலும் படம் போட்ட மென்பொருளிலும் அதையே சொல்லியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஈரம் குடித்து ஊதும், மே கடைசியில் வைத்த இசட்டை ஜூலையில் நம்பாதீர்கள். வளைந்த பலகையில் மூலையைத் தொட்டு நடுவில் செதுக்குவதும் வேண்டாம், செதுக்கப்போகும் இடத்திலேயே இசட்டைத் தொடுங்கள். மரம் வளையும் விஷயத்தில் நான் உங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

கேள்வி (தட்டோன்): பெரிய பிட்டால் பள்ளம் எடுத்துவிட்டு, சின்ன பிட் மாட்டி ஓரம் வெட்டினால் ஆழம் வேறாக வருகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று அச்சுக்கும் ஜீரோ வைக்க வேண்டுமா?

பதில்: எக்ஸையும் ஒய்யையும் தொடவே தொடாதீர்கள். பிட் மாறினால் மாறுவது நீளம் மட்டும், அதனால் இசட் மட்டும் மறுபடி. ஆனால் எங்கே தொடுவது என்பதில் கவனம் வேண்டும். முதல் பிட் மேல்தளத்தைச் சீவியிருந்தால் நீங்கள் முதலில் தொட்ட இடம் இப்போது இருக்காது. அதனால் முதல் பிட்டுக்கே, வெட்டுப்படாத ஒரு மூலையிலோ மேசைப் பலகையிலோ தொட்டு வையுங்கள், இரண்டாவது பிட்டுக்கும் அதே இடம்.

பிட் மாற்ற ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது கேன்ட்ரி நகர்ந்துவிடுவதும் உண்டு. மெஷின் சும்மா இருந்தால் மோட்டார் பிடியை விட்டுவிடும். $1=255 என்று வைத்துவிட்டால் எப்போதும் பிடித்தே நிற்கும். மோட்டார் கொஞ்சம் சூடாகும், பரவாயில்லை. அப்படியும் இரண்டு ஸ்பேனரை எதிரெதிராகப் பிடித்து முறுக்குங்கள், ஒரு ஸ்பேனரால் கேன்ட்ரியையே இழுக்காதீர்கள்.

கேள்வி (பெகு, கல்லூரி மாணவி): அண்ணா, தைப்பூசத்துக்கு வேல் படம் போட்ட சாவிக்கொத்துப் பலகைகள் நிறையச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஜீரோ வைத்தே பொழுது போய்விடுகிறது. ஜி55, ஜி56 எல்லாம் இதற்குத்தானா?

பதில்: இதற்கேதான் தங்கச்சி. முதலில் மேசைப் பலகையில் எல் வடிவத்தில் இரண்டு சட்டம் வைத்து ஸ்க்ரூ போடு. துண்டை அந்த மூலையில் முட்டவைத்தால் ஒவ்வொரு துண்டும் அதே இடத்தில்தான் உட்காரும், ஜீரோ ஒரு தடவை வைத்தால் போதும். அந்த மூலையில் மரத்தூள் சேர்ந்தால் துண்டு நகர்ந்து நிற்கும், அதனால் சட்டங்கள் சந்திக்கிற உள்மூலையில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடு, தூள் அதில் விழும். இப்படி இரண்டு மூலை செய்து, இடது பக்கம் ஜி54, வலது பக்கம் ஜி55 என்று வைத்துக்கொள். ஒன்று ஓடும்போது மற்றதில் துண்டு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, பிட் சுற்றும்போது கை மேசைப் பக்கமே போகக் கூடாது.

ஒரு பொறி இருக்கிறது. பல மென்பொருள்கள் கோப்பின் தலையிலேயே ஜி54 என்று ஒரு வரி எழுதிவிடும். நீ கையால் ஜி55 கொடுத்துவிட்டுக் கோப்பை ஓட்டினால் முதல் நொடியில் அது ஜி54-க்குத் திரும்பி, முடிந்த துண்டின் மேலேயே மறுபடி செதுக்கும். கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரியை அழித்துவிடு, அல்லது ஜி55 என்று மாற்றி வேறு பெயரில் சேமித்துக்கொள். இரண்டு மூலைக்கும் கனம் ஒன்றாக இருந்தாலும் இசட்டைத் தனித்தனியாகத் தொடு, மேசை எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்கிற சின்ன மெஷினை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி (மாண்டலே): ஃப்யூஷன் என்ற வரையும் மென்பொருளில் செய்த கோப்பை ஓட்டினால், செதுக்கத் தொடங்கும் முன்பே மெஷின் எங்கோ ஓடி முட்டிக் கரகரவென்று சத்தம் போடுகிறது. ஜீரோ சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: கோப்பின் முதல் சில வரிகளில் ஜி28 இருக்கிறதா பாருங்கள், இருக்கும். ஜி28 வேலை ஜீரோவைப் பற்றிக் கவலைப்படாது, மெஷின் கணக்கில் முன்பே சேமித்த ஓர் இடத்துக்குப் போகும். நீங்கள் எதுவும் சேமிக்காவிட்டால் அது மெஷின் 0, 0, 0. ஹோமிங் செய்யாத மெஷினில் அந்த இடம், காலையில் ஆன் செய்தபோது எங்கே நின்றதோ அங்கே, சில நேரம் அது மரத்துக்குள்ளேகூட இருக்கும். படத்தை மெஷின் கட்டளையாக மாற்றும் ஃப்யூஷனின் போஸ்ட் அமைப்பில் பாதுகாப்பாக விலகும் முறை என்று ஒன்று வரும், அதை ஜி28-இலிருந்து க்ளியரன்ஸ் உயரம் என்பதற்கு மாற்றுங்கள், போதும். ஹோமிங் உள்ளவர்கள் பிட் மாற்றத் தோதான இடத்துக்குப் போய் ஒரு தடவை ஜி28.1 கொடுத்துவிட்டால் அந்த இடம் நினைவில் நிற்கும், ஜி28 அப்புறம் உபயோகமாகவே இருக்கும்.

கேள்வி (சிரியம்): ஹோமிங் கொடுத்தால் ஸ்விட்ச் இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப் பக்கம் ஓடுகிறது.

பதில்: ஹோமிங் திசையைத் திருப்பும் $23 என்ற அமைப்பை மாற்றுங்கள். எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4, தவறாக ஓடும் அச்சுகளின் எண்ணைக் கூட்டிப் போடுங்கள். எக்ஸும் ஒய்யும் மட்டும் என்றால் $23=3. ஏற்கெனவே அதில் வேறு எண் இருந்தால் முதலில் குறித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து கணக்கிடுங்கள். சோதிக்கும்போது கை மெஷின் ஸ்விட்சிலேயே இருக்கட்டும்.

கேள்வி (மோல்மீன், வேறொரு வாசகர்): மரக்கடையில் எல்லாம் அங்குலம். நானும் அங்குலத்தில் படம் போட்டேன். ஜீரோ வைத்து ஓட்டினால் ஒரு எழுத்தே பலகைக்கு வெளியே போகிறது.

பதில்: எங்கோ 25.4 மடங்கு வித்தியாசம் வந்திருக்கிறது. கோப்பின் தலையில் ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீட்டர். மில்லிமீட்டர் எண்களுக்கு மேலே ஜி20 வந்துவிட்டால் 10 மில்லி எழுத்து 254 மில்லி ஆகும், 3018-இன் 300-க்கு 180 மேசையில் அது எங்கே கொள்ளும்? ஜீரோ வைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. அங்குலக் கோப்பு ஒன்றை ஓட்டி முடித்தபின் மெஷின் ஜி20-இலேயே நிற்கலாம். அப்போது தகட்டின் கனம் இசட்19.8 என்று தட்டினால் அதை 19.8 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும், அடுத்து இசட் 0-க்குப் போகச் சொன்னால் மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கப் பார்க்கும். ஜீரோ வைக்கும் பட்டனில் ஜி10-க்கு முன்னால் ஜி21-ஐயும் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரம் வாங்கும்போது அங்குலத்தில் பேசுங்கள், மெஷினிடம் மில்லிமீட்டரில்.